புயற்காலமும் வாயில்லாச் சீவன்களும்



ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரையில் நம் கடற்கரைக்குப் புயற்காலம். புயல் வருகிறதென்றால் பத்திரம், நகை, அரிசி, துணிமணி ஆகியவற்றை மூட்டை கட்டுகிறோம். கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டையும், வாசலில் படுத்திருக்கும் நாயையும் நினைப்பவர்கள் சிலரே.

"கோயிலில் சொல்லவேண்டிய விஷயமா இது?" என்று சிலர் கேட்கலாம். ஜலப்பிரளயத்தின்போது சர்வேசுரன் நோவேயின் குடும்பத்தை மாத்திரமா காப்பாற்றினார்? வெள்ளம் வடிந்தபின் அவர் செய்த உடன்படிக்கையும் சகல ஜீவராசிகளையும் சேர்த்தே செய்யப்பட்டது. நினிவே நகருக்கு இரங்கிய காரணத்தை யோனாஸ் தீர்க்கதரிசிக்குச் சொல்லும்போதும், அவ்வூர் மிருகங்களை அவர் மறக்கவில்லை.

மனிதனுக்கே இடமில்லாத வேளையில் மிருகத்துக்கு இடம் தேடுவதா என்பீர்கள். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2005-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி கத்ரீனா என்ற புயல் லூசியானா கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நாலு பங்கு நீரில் மூழ்கிற்று. புகலிடங்கள் பலவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை. ஆகையால் நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் அநேகர் வீட்டிலேயே தங்கி ஆபத்துக்குள்ளானார்கள். மறுவருஷமே அந்நாட்டார் ஒரு சட்டம் செய்து, ஆபத்துக்கால ஏற்பாடுகளில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்கவேண்டுமென விதித்தார்கள். மிருகத்துக்கு வழி செய்யாத இடத்தில் மனிதனையும் காப்பாற்ற முடியாதென்பதை அவர்கள் அதிக விலை கொடுத்துக் கற்றார்கள்.

நம்மிலும் இது உண்டு. ஏழை விதவை ஒருத்திக்கு இரண்டு ஆடுதான் ஆஸ்தி. "குடிசையை விட்டு வா" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள். அவளைப் பிடிவாதக்காரியென்று ஏசாதேயுங்கள். முதலில் அவள் ஆட்டை அவிழ்த்து மேட்டுக்கு நடத்திச் செல்லுங்கள். அவள் தானே பின்னால் வருவாள். பிறர்சிநேகம் என்பது இதுவே.

ஆகவே சில காரியங்களை மனதில் வையுங்கள். எச்சரிக்கை வந்தவுடனே, காற்று எழும்புமுன், ஆடுமாடுகளை மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோங்கள். கோழிகளைக் கூடையில் அடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்குத் தீவனமும் நல்ல தண்ணீரும் வேண்டும். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இப்பொழுதே போட்டுவிடுங்கள். பலர் கூடும் இடத்தில் அது அவசியம். எதையும் கொண்டுபோக வழியில்லையானால், கயிற்றை அவிழ்த்தாவது விடுங்கள். கட்டில்லாத மாடு நீந்திப் பிழைக்கலாம். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே சாகும். அந்த முடிச்சைப் போட்டது நம் கை என்பதை மறவாதேயுங்கள்.

இன்னொன்று. புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். ஓய்ந்துவிட்டதென்று ஆட்டைத் தேடி வெளியே போகாதேயுங்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அதே உக்கிரத்தோடு வீசும்.

மனித ஆத்துமத்துக்கு ஈடான மிருகம் கிடையாது. ஒரு குழந்தையையா, ஒரு கன்றையா என்ற நிலை வந்தால் யோசனைக்கே இடமில்லை. ஆனால் முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறவனுக்கு அந்த நிலை பெரும்பாலும் வருவதில்லை. வீணாக மிருகங்களை வதைப்பது மனித மகிமைக்கு விரோதமென்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசமும் போதிக்கின்றது. சோம்பலினால் வரும் வதையும் வதைதான்.

இன்று பூசை முடிந்து வீடு போனதும், கொல்லைக் கயிற்றின் முடிச்சைப் பாருங்கள். இருட்டில், ஈரக்கையால், ஒரு நொடியில் அவிழ்க்கக்கூடியதாக அது இருக்கட்டும். அடுத்த வீட்டு விதவையின் முடிச்சையும் பாருங்கள். சர்வேசுரன் உங்களையும் உங்கள் வீட்டிலுள்ள யாவற்றையும் காத்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு