எது நம்முடையது?

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் நின்று, நம்முடையது எது, அந்நியமானது எது என்று பிரிக்கத் தொடங்கினால் வியப்புத்தான் மிஞ்சும். பலாவும் மிளகும் நம் மலைகளின் பிள்ளைகள். ஆனால் அன்னாசியும் மரவள்ளியும் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா. மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரமோ ஆஸ்திரேலியாவுக்குரியது.

அந்நியம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? அப்படியானால் முதலில் மிளகாயைத் தள்ள வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்த காய் அது. நாம் அதற்கு மிளகின் பெயரையே சூட்டி அடுப்படிக்குள் சேர்த்துக்கொண்டோம். அதனால் நம் தமிழ் குறைந்துபோகவில்லை. வந்ததைச் செரித்துக்கொள்கிற வலிமை இருக்கும்வரை எந்தப் பண்பாட்டுக்கும் பயமில்லை என்பதே என் எண்ணம்.

ஆனால், செரிப்பது வேறு; விழுங்கப்படுவது வேறு.

'மலையாளி' என்று வழங்கப்படும் இம்மலையின் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டவர்கள். பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் ஆலைகள் அதை வாங்கின. கையில் காசு புழங்கியது. சாமை நிலம் சுருங்கியது. மிளகாய் நம் வீட்டுக்குள் வந்தது. மரவள்ளிக் கிழங்கோ ஜவ்வரிசியாகி, மகாராஷ்டிரத்து விரத உணவாகப் போய்விடுகிறது. விளைத்தவர் கடை அரிசி வாங்குகிறார்.

இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. உடனே நகரத்தில் இருக்கும் நாம், 'சாமை நம் பாரம்பரியம்' என்று பேசத் தலைப்பட்டோம். நல்லதுதான். ஆனால் அந்தச் சாமையை உரலில் குற்றிக் குற்றி உமி நீக்கிய பெண்ணின் தோள்வலியை யார் நினைத்தோம்? வலியை அவளுக்கும் பெருமையை நமக்கும் பங்கிடுவது நியாயமாகுமா?

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் விதை வங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தனர். பழைய தானியம் பிழைக்கப் புதிய இயந்திரம் துணை செய்தது. ஆகவே, வந்த இடத்தை வைத்து ஒரு பொருளை நம்முடையது என்றோ அன்னியம் என்றோ தீர்ப்பது பேதைமை. வேண்டும் என்று ஏற்கவும் வேண்டாம் என்று மறுக்கவும் நம்மிடம் உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி. விதையைக் கைவிட்டு, ஆலைக்காரர் சொல்லும் விலைக்குக் காத்திருப்பவரிடம் அந்த உரிமை இல்லை.

சாமை நம் அடையாளம் என்று உண்மையாகவே நம்புகிறோமா? அப்படியானால் அதை விளைப்பவர் வயிறும் நிறையும்படியான விலையை முதலில் கொடுப்போம். மேடைப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.