வீடு கட்டுவோரும் அமானிதமும்

மனிதனுடைய வீட்டை அவன் அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதைத் தனது நிஃமத்துகளில் ஒன்றாக அல்லாஹு தஆலா திருக்குர்ஆனில் (16:80) நினைவூட்டுகிறான். ஆனால், அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் மனிதன் இழக்கும் அமைதியோ கொஞ்சமல்ல!

நமது தர்மபுரி மாவட்டத்தில் முதன்முதலாக வீடு கட்டும் எவரையும் கேட்டுப் பாருங்கள். கம்பியைச் சரியான இடைவெளியில் கட்டினார்களா? கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார்களா? முன்பணம் வாங்கிய மேஸ்திரி பாதி வேலையில் பெங்களூருக்கோ ஓசூருக்கோ போய்விடுவாரா? பூச்சு வேலை முடிந்துவிட்டால் சுவருக்குள் இருப்பதை யார் காண முடியும்? இப்படிப்பட்ட கேள்விகளால் பலருக்கு இரவில் தூக்கமே வருவதில்லை.

இங்கே மார்க்கத்தைப் பேணும் ஒருவருக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. பிறரைப் பற்றித் தீய எண்ணம் கொள்வதையும், துருவித் துருவி ஆராய்வதையும் குர்ஆன் (49:12) தடுத்திருக்கிறதே! அப்படியானால் கொத்தனாரின் வேலையை அளந்து பார்ப்பதும், அவரிடம் எழுத்து கேட்பதும் பாவமாகுமா? அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் பேசாமல் இருந்துவிடுவதுதான் ஈமானுக்கு அழகா?

அன்பர்களே! தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பது அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். தவணை வைத்த கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஏவுகின்ற நீண்ட ஆயத்தோ (2:282), அதற்குரிய காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. எழுதுவது நீதிக்கு உகந்தது, சாட்சியத்துக்கு உறுதியானது, சந்தேகம் கொள்ளாமலிருக்க நெருக்கமான வழி என்பதே அதன் கருத்து. இதைச் சிந்தியுங்கள். எழுத்து என்பது சந்தேகத்தினால் பிறந்த பிள்ளையல்ல. சந்தேகத்தைத் தீர்க்கும் மருந்து! எழுதாமல் விட்டவர்தான் இரவெல்லாம் மேஸ்திரியைப் பற்றித் தீய எண்ணம் கொள்கிறார். சதுர அடிக்கு என்ன கூலி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எந்த வேலை யார் பொறுப்பு என்று எழுதி வைத்தவருக்கு அதற்கு அவசியமே இல்லை. பட்டப்பகலில், வேலைக்காரர் முன்னிலையிலேயே அளந்து பார்ப்பது உளவு பார்ப்பதும் ஆகாது.

இனி, யாரை வேலைக்கு அமர்த்துவது? மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி மத்யனின் பெரியவரிடம் அவருடைய மகளார் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டு. ஒன்று ஆற்றல், மற்றொன்று நம்பகத்தன்மை (28:26). நாமோ மூன்றாவதாகக் கூலி குறைவு என்ற ஒன்றைச் சேர்த்து, அதையே முதலாவதாக வைத்துக்கொண்டோம். பிறகு, ஆளைப் பற்றிப் புலம்புகிறோம்.

இன்னும் சிலர் 'நம்மவரா, பிறரா' என்று பார்த்து நம்புகிறார்கள். ஹிஜ்ரத் பயணத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். கி.பி. 622-இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திக்கொண்ட வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித், அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். ஆனால் பாலைவனப் பாதைகளை நன்கறிந்தவர், நம்பகமானவர். தங்கள் இரு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்குக் கொண்டுவரும்படி தவணை கூறினார்கள். பிடித்துக் கொடுப்போருக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷிகள் பரிசு அறிவித்திருந்த வேளை அது. அவரோ சொன்ன தவணையில், சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆக, அங்கே பார்க்கப்பட்டது தொழில் திறமையும் நாணயமும்தான். வேலை, இடம், தவணை ஆகிய மூன்றும் முன்பே தெளிவாக்கப்பட்டிருந்தன. 'நம்மவர்தானே' என்று கூச்சப்பட்டு ஒன்றும் பேசாமல் வேலையை ஒப்படைத்து, முடிவில் உறவையும் முறித்துக்கொள்வோருக்கும் இதில் பாடம் உண்டு.

நமது ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூல்கள் கூலியாட்களை இரு வகையாகப் பிரிக்கின்றன. நாள் கூலிக்கு வருபவர் தமது நேரத்தை நமக்கு விற்கிறார். அவர் காலையில் வந்து தயாராக நின்று, நாம் மணலோ சிமெண்டோ தருவிக்காமல் விட்டதால் வேலை நடக்காமற் போனாலும், அன்றைய கூலி அவருடைய ஹக்கு. இவ்வளவு தொகைக்கு இந்த வேலையை முடித்துத் தருகிறேன் என்று ஒப்பந்தம் எடுப்பவரோ வேலையைத்தான் விற்கிறார்; அவர் கை வேலையால் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி. தொழிலாளர்களிடம் ஒப்படைக்கப்படும் பொருளுக்கு அவர்களைப் பொறுப்பாளிகளாக்கி அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாகவும், மக்களுடைய காரியங்கள் வேறு எவ்விதத்திலும் சீர்படா என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம் என்றும் அறிவிக்கப்படுகிறது. இந்த வித்தியாசத்தை அறியாததால், நாள் கூலிக்காரரிடம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பைச் சுமத்தி அநியாயம் செய்கிறோம்.

இப்போது கண்ணாடியை நம் பக்கமும் சற்றுத் திருப்புவோம். புதிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். சில வகை சிமெண்டுக்குப் பத்து நாட்கள் தேவை. கோடையில் நம் பகுதியில் தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்கு அஞ்சி இரண்டே நாளில் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிறகு தளம் விரிசல் கண்டால் கொத்தனாரை மோசக்காரன் என்பது எந்த வகை நியாயம்?

எல்லாவற்றையும்விட அச்சத்துக்குரியது கூலியை நிறுத்தி வைப்பது. 'ஏதாவது குறை வைத்திருப்பான்' என்ற வெறும் சந்தேகத்தின் பேரில் கடைசித் தவணையைக் கொடுக்காமல் இழுத்தடிப்போர் உண்டு. முடிவில் ஒரு பகுதியைத் தருவதென்று இரு தரப்பும் முன்பே பேசி எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். குறை கண்ணெதிரே இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரை நடுவராக வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். இவை எதுவுமின்றி நிறுத்தி வைப்பது ளுல்மு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் கொத்தனாரை நம்பிப் பணம் கொடுக்க அஞ்சுகிறோம். மாலையில் கூலி கிடைக்கும் என்று காலை முதல் வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாளோ, ஒரு எழுத்தும் இல்லாமல் நம்மை நம்பியிருக்கிறார். இருவரில் அதிகம் நம்பியவர் யார்?

ஆகவே உள்ளத்தில் நல்லெண்ணம், கையில் அளவுகோல், தாளில் எழுத்து, மாலையில் கூலி என்ற இந்நான்கும் சேர்ந்தால்தான் அமானிதம் நிறைவுபெறும். சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியை அறிகிறவன், கட்டுவிப்பவரின் உள்ளத்தில் மறைந்திருப்பதையும் அறிகிறான். நாம் கட்டும் வீடுகளில் எவருடைய கண்ணீரும் கலவாமல், அவற்றை அமைதியும் பரக்கத்தும் நிறைந்த இல்லங்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.