ஜாதி நாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண்மணி ஒரு மனுவோடு என்னிடம் வந்தார். ஏற்கெனவே பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் உள்ள ராட்வீலர் நாயை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுதிய மனு அது. "படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன், அம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். படிப்பதற்கு அதில் ஆறு வரிதான் இருந்தது. அந்த ஆறு வரியைப் படித்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று.

நாய்க்குச் சொந்தக்காரர் என் சிநேகிதர். ஓய்வு பெற்ற பொறியாளர். மனைவி காலமான பிறகு அவருக்கு வீட்டில் துணை என்று இருப்பது அந்த நாய் ஒன்றுதான். அதன் பெயர் ராணி. வயது ஆறு. உரிமம் உண்டு, தடுப்பூசி போட்ட சீட்டும் உண்டு. இதுவரை அது யாரையும் கடித்ததில்லை. கடித்ததாக மனுவிலும் எழுதவில்லை. 'ஆபத்தான இனத்தைச் சேர்ந்தது' என்றுதான் எழுதியிருந்தது.

இந்த 'இனம்' என்பது மனுவுக்கும் சர்க்கார் கடிதத்துக்கும் உரிய வார்த்தை. நம் வாயில் வருவது வேறு. சிநேகிதர் ராணியைக் குட்டியாக வாங்கி வந்த அன்று மாடிக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "ஜாதி நாயா சார்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெருவில் திரிந்தால் அது நாய். விலை கொடுத்து வாங்கினால் ஜாதி நாய். அன்றைக்கு ராணியின் பெருமைக்குக் காரணமாக இருந்த ஜாதியே இன்றைக்கு அதன் குற்றமும் ஆகிவிட்டது. இடையில் இருந்த ஆறு வருஷத்தில் அந்தப் பிராணி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பெண்மணியின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவைக் கவனித்துக்கொண்டிருந்தவரின் குழந்தை அது. நாய் வளர்க்க வசதி உள்ள வீட்டுக் குழந்தை அல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் வளர்க்கிற சந்தோஷம் ஒருவருக்கு, கடிபடுகிற துன்பம் இன்னொருவருக்கு என்றுதான் இந்த விவகாரம் நடக்கிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய சர்க்கார் இருபத்து மூன்று வகை நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எழுதியது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. பிறகு 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் இனிமேல் புதிதாக உரிமம் கிடையாது என்று தீர்மானம் போட்டது. முன்பே உரிமம் பெற்ற நாய்கள் இருக்கலாம். வெளியே வரும்போது வாய்க்கூடும் சங்கிலியும் வேண்டும். எங்கள் மாடிக்காரர்களின் மனு இதற்கும் ஒரு படி மேலே போய், இருப்பதையே கொண்டுபோகச் சொல்கிறது.

இப்படி ஒரு வகை நாயையே ஊரை விட்டு விலக்குவது நமக்குப் புதிது. அமெரிக்காவிலே கொலராடோ மாநிலத்து டென்வர் நகரத்துக்கு இது முப்பது வருஷத்துப் பழைய கதை. அங்கே பிட்புல் நாய்கள் கடித்து ஒரு குழந்தை இறந்தது. சில வருஷம் கழித்து ஒரு பாதிரியார் படுகாயம் அடைந்தார். ஊர் கொதித்தது. 1989-ல் நகர மன்றம் அந்த நாய்களை ஊருக்குள் வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. பிட்புல் என்பது ஒரே இனமும் அல்ல. மூன்று இனங்களைச் சட்டத்தில் எழுதினார்கள். கலப்பு நாயாக இருந்தால் என்ன செய்வது? தலை, தாடை, மார்பு என்று அங்க லட்சணங்களைப் பார்ப்பது. அவற்றில் பெரும்பாலானவை பொருந்தினால் அது பிட்புல். குணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஏராளமான நாய்கள் பிடிபட்டு உயிரை விட்டன. சிலர் நாய்க்காக ஊரை விட்டுப் போனார்கள். சிலர் ஒளித்து வளர்த்தார்கள்.

2004-ல் மாநிலச் சட்டசபை, இனத்தைப் பார்த்து நாய்களைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. டென்வர் விடவில்லை. எங்கள் ஊரை ஆள எங்களுக்குத் தெரியும் என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, 2005-ல் மறுபடி நாய் பிடிக்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் நகர மன்றத்தில் தடையை நீக்க ஏழு பேர், வேண்டாமென்று நாலு பேர். மேயர் ஹான்காக் அந்தத் தீர்மானத்தைத் தம் அதிகாரத்தால் தள்ளிவிட்டார். அதே வருஷம் நவம்பரில் ஜனங்களிடமே வாக்குக் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் நீக்கலாம் என்றார்கள். இப்போது அங்கே பிட்புல் வளர்க்கலாம். ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும், நிபந்தனைகள் உண்டு.

முப்பத்தொரு வருஷம் கழித்து அந்த ஜனங்கள் மனம் மாறியதற்கு ஏதோ ஒரு நாயின் நற்குணம் காரணமாக இருக்க முடியாது. தலையையும் தாடையையும் அளந்து பார்ப்பது சுலபம். நாயைச் சங்கிலியில் பிடித்திருக்கிறவனுடைய புத்தியை அளக்க ஒரு கருவியும் இல்லை. ஆகவே அளக்க முடிந்ததைத் தண்டித்துவிட்டுக் காரியம் முடிந்ததென்று நினைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ராட்வீலர் என்பது ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டி, வண்டி இழுத்த நாய். பிட்புல்லின் மூதாதைகளைக் காளையோடும் பிறகு ஒன்றோடொன்றும் மோதவிட்டு, பந்தயம் கட்டி வேடிக்கை பார்த்தார்கள். அந்த வேடிக்கையை 1835-ல் பிரிட்டன் சட்டம் போட்டு நிறுத்தியது. பல தலைமுறை நாம் நினைத்தபடி வார்த்தெடுத்த உடம்பைக் கண்டு இப்போது நாமே நடுங்குகிறோம். உள்ளூரில் மட்டும் என்ன? கோம்பை நாய் அயலானை வாசலில் அண்டவிடாது என்பதைப் பெருமையாகச் சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை.

பிறப்பைப் பார்த்துக் குற்றம் எழுதுகிற வேலை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. பிறந்த குலத்துக்காகவே ஆண்பிள்ளைகள் கைரேகை வைத்தார்கள். ராத்திரியில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று சொன்னதற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1947-ல்தான் அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் ஒழிந்தது. மனிதர்களையும் நாய்களையும் சமமாக வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனிதனுக்கு நேர்ந்த அந்த அவமானத்தின் பக்கத்தில் நிற்க ராணியின் வழக்குக்கு யோக்யதை இல்லை. நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தீர்ப்புச் சொல்கிற மனசை. ஆளைப் பாராமல் வகையைப் பார்த்தால் போதும் என்கிற அந்தச் சௌகரியத்தை.

அந்தச் சௌகரியம் எனக்கும் பழக்கமானதுதான். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணை நாய் கடித்துவிட்டது. நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். மறுநாள் முனிசிபாலிடியிலிருந்து சுருக்குக் கம்பியோடு ஆட்கள் வந்தார்கள். "எந்த நாய்டா தம்பி?" என்று கேட்டார்கள். "கறுப்பு நாய்" என்றேன். பொய் இல்லை, அது கறுப்புத்தான். ஆனால் எங்கள் தெருவில் கறுப்பு நாய் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு யாரும் இல்லை. இன்னொன்று தெருக்கோடியில் இட்லி விற்ற பாட்டியினுடையது. கடித்துவிட்டு ஓடியது எது என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் பாட்டி எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீ பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறமும் அவள் எனக்கு இட்லி கொடுத்தாள், காசு வாங்கிக்கொண்டாள், எல்லாம் வழக்கம்போலத்தான். என்னைத் திட்டியிருக்கலாம் என்று நான் பெரியவனான பிறகு பல தடவை நினைத்ததுண்டு.

நாலாம் நாள் மனுவைக் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தேன். சும்மா கொடுத்திருக்கலாம், எழுத்தாளன் புத்தி, பிரசங்கமும் செய்தேன். 2022-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி விசாரித்ததில், நாய்க்கு நாய் நடத்தையில் காண்கிற வித்தியாசத்தில் ஒன்பது சதவிகிதம் போல்தான் இனத்தால் வருவது என்று கண்டார்களாம்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒம்பது சதவிகிதமாவே இருக்கட்டும் சார். எத்தனை தடவை கடிக்கும்னு நான் கேக்கல. ஒரு தடவை கடிச்சா எவ்வளவு ஆழம் போகும்னு அதுல போட்டிருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு தெருநாய் சீறினால் குழந்தை தப்பி ஓட வழியிருக்கலாம். அம்பது கிலோ எடையுள்ள ராணி ஒரே ஒரு நாள் புத்தி தடுமாறினால், அந்த ஒரு நாளே போதும். ராணி நிரபராதி என்பது எவ்வளவு நிஜமோ, ராணியின் தாடை பலம் அவ்வளவு நிஜம். தண்டிக்க ருசு வேண்டும் என்று நான் சொல்லலாம். பயப்படுவதற்கும் ருசு கொண்டுவா என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது?

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு நாலரைக்கு வருவா. அதே நேரம் அவர் நாயைக் கூட்டிண்டு இறங்குவார். அந்த லிப்டுல அவ கூட நீங்க வருவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, மனுவை மடித்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே சிநேகிதரிடம் போனேன். ராணிக்கு வாய்க்கூடு போட்டு, லிப்டை விட்டு மாடிப்படி வழியாக, அதுவும் ஐந்து மணிக்கு மேல் கூட்டிப் போகலாமே என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "ஆறு வருஷமா நீங்க அது தலையைத் தடவிக் கொடுத்திருக்கீங்க. நீங்களுமா சார்?" என்றார். ராணி என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. வாய்க்கூடு வாங்க இன்னும் அவர் கடைக்குப் போகவில்லை. மனுவில் இப்போது பதினாலு கையெழுத்து இருப்பதாகக் கேள்வி.

நான் தினமும் நாலேகாலுக்கே கீழே இறங்கி லிப்டுப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். குழந்தை வந்ததும் பையை வாங்கிக்கொண்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்ததென்று கேட்டபடி அவளோடு மேலே போகிறேன்.