யாருடைய தண்ணீர்?

அப்பா பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு கிராமத்து வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போவார். பூத் ஏஜெண்டுகள் வாங்கிவரும் பிரியாணியைத் தொடமாட்டார். அம்மா கட்டிக்கொடுத்த புளிசோறு, வீட்டிலிருந்தே தண்ணீர். அதனால்தான் 2020 அக்டோபரில், அட்லாண்டா பக்கம் ஓட்டு வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீரும் பீட்சாவும் கொடுக்க ஆள் திரட்டுகிறேன் என்று போனில் சொன்னதும் கேட்டார்: "ஓட்டுப் போடப் போறவனுக்குச் சோறு போட்டா அதுக்கு நம்மூர்ல என்ன பேருடா?"

எனக்குப் பதில் வரவில்லை. மதுரைக்காரன் நான். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டு என்றாலே கவரும் சேர்ந்து ஞாபகம் வரும்.

இங்கே நிலைமை வேறு என்று விளக்கினேன். ஜார்ஜியாவில் முன்கூட்டியே வாக்களிக்கும் முதல் நாளன்று சிலர் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். வாட்ஸப் குழுவில் நான் போட்ட விதிகள் கறாரானவை. கட்சிச் சட்டை, பேட்ஜ் கூடாது. யாருக்கு ஓட்டு என்று பேச்சே எடுக்கக்கூடாது. கூட வந்த குழந்தை, காவலர், சாவடி ஊழியர் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். வாங்கிக் குடித்துவிட்டு ஒருவர் வீட்டுக்குத் திரும்பினாலும் சரி. ஓட்டுப் போட்டால்தான் தருவோம் என்றால் அது அங்கேயும் குற்றம்தான்.

அடுத்த மார்ச்சில் எஸ்.பி. 202 சட்டம் வந்தது. சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள், வரிசையில் நிற்கும் வாக்காளரிடமிருந்து 25 அடிக்குள் உணவோ தண்ணீரோ கொடுக்கக்கூடாது. (அதிகாரிகள் ஆளில்லாத டிரம்மில் தண்ணீர் வைக்கலாம், அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டியது.) தண்ணீர் என்ற பெயரில் பிரச்சாரம் நடக்கும் என்பது சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். என் நண்பர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தலைவர் படம் போட்ட நீர்மோர்ப் பந்தலில் மோர் குடித்து வளர்ந்தவன் நான். 2023-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்த 25 அடித் தடையை, 150 அடிக்கு அப்பால் மட்டும், நிறுத்திவைத்தார்.

லஞ்சம் கொடுப்பவன் கணக்கு வைத்திருப்பான். நாங்கள் முகத்தைக்கூட நினைவில் வைக்கவில்லை. இப்படி ஒரு பதிலை அப்பாவுக்காகப் பிறகு தயார் செய்தேன். அதிலும் ஓட்டை இருக்கிறது. நாங்கள் போனது வரிசை நீளமாக இருந்த இடங்களுக்கு. அவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். அவர்கள் கலையாமல் நின்றால் எந்தப் பக்கம் ஓட்டு கூடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பீட்சா வந்ததும் வரிசை கலகலப்பானது. அதற்கு முன்பு இரண்டு பேர், இன்னும் நாலு மெஷின் ஏன் வைக்கவில்லை என்று ஊழியரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள்தான் தணித்தோமோ?

அன்று ஒரு வயதான அம்மா தண்ணீர் பாட்டிலை வாங்காமல் என்னையே பார்த்தார். "இது யாருடைய தண்ணீர்?" என்றார். யாருடையதும் இல்லை, நாங்களே காசு போட்டு வாங்கியது என்றேன். "நீ ஓட்டுப் போட்டாச்சா?" எனக்கு இங்கே ஓட்டு இல்லை, விசாவில் இருக்கிறேன் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அங்கே இருந்தவரை அவர் அதைத் திறக்கவில்லை.