கூடத்து இருட்டு

வீட்டில் படம் பார்க்க ஒரு புரொஜெக்டர் வாங்கலாம் என்ற யோசனை என் மகனுடையது என்றுதான் இதுநாள்வரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையல்ல. யோசனை என்னுடையது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து, ஆளைவிடப் பெரிய முகங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். சில வருஷங்களாக மனித முகங்களை உள்ளங்கை அளவிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முகத்தை மறுபடியும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 58 வயதில் வருகிற ஆசைகளைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதிவிடுவது தகப்பன்மார்களின் வழக்கந்தானே!

எங்கள் வீட்டில் கூடம் என்று ஒன்று கிடையாது. அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஹால் என்று பெயர். பெயர் மாறினாலும், கூடம் செய்துவந்த வேலைகளையெல்லாம் அதுதான் செய்கிறது. வந்தவர்களை உட்கார வைப்பது, துணி மடிப்பது, சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். 17 அடி நீளம், 11 அடி அகலம். ஒரு மூலையில் பிரம்பு நாற்காலி. அதில் என் அம்மா. அவளுக்கு 81 வயது.

மகன் ஒரு மாத காலம் எனக்குப் பாடம் நடத்தினான். பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். "8000 லூமன்" என்று போட்டிருப்பார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. 'ஆன்ஸி லூமன்' என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. திரையை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழுகிற வெளிச்சத்தை அளந்து, சராசரி கண்டு, அதைத் திரையின் பரப்பால் பெருக்கிச் சொல்கிற கணக்கு அது. அப்படி அளந்தால் பெட்டியில் இருக்கும் ஆயிரங்கள் பல சமயம் நூறுகளாகச் சுருங்கிவிடும். "4கே ஆதரவு" என்பதும் இந்த ரகந்தான். 3840-க்கு 2160 என்ற கணக்கில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உள்ள படத்தை யந்திரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். சுவருக்கு அனுப்புவது 1280-க்கு 720, அதாவது 9 லட்சத்துச் சொச்சம். ஆதரவு என்ற சொல்லுக்கு அரசியலில் என்ன பொருளோ அதே பொருள்தான் இங்கேயும்! பழைய பாதரச விளக்கு வைத்தவை சில ஆயிரம் மணி நேரம் எரியும், லேசர் வைத்தவை 20,000 மணி நேரம்கூட எரியும் என்றான். வாங்குகிறவன் எத்தனை மணி நேரம் இருப்பான் என்று மட்டும் யாரும் பெட்டியில் போடவில்லை.

இவையெல்லாம் கடைத்தெரு விஷயங்கள். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. ஒரு நாள் அவனிடம் கேட்டேன்: "இது சிவப்பைக் காட்டுகிறது, பச்சையைக் காட்டுகிறது. கறுப்பை எப்படிக் காட்டும்?"

"காட்டாதுப்பா. கறுப்புன்னா அந்த இடத்துக்கு வெளிச்சம் போகலைன்னு அர்த்தம். அங்கே தெரியறது நம்ம சுவர்தான்."

எவ்வளவு எளிய விஷயம்! இத்தனை வருஷம் சினிமா பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. வெளிச்சத்தை எறியலாம், இருட்டை எறிகிற யந்திரம் உலகத்தில் கிடையாது. 1987-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் லாரி ஹார்ன்பெக் என்பவர் கண்டுபிடித்த சில்லுதான் இன்று பல புரொஜெக்டர்களுக்குள் இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிகள் லட்சக்கணக்கில் உண்டு. கறுப்புப் புள்ளி வர வேண்டிய இடத்தில், அதற்குரிய கண்ணாடி லேசாகச் சாய்ந்து ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். அதனால் ஆனது அவ்வளவுதான். கதாநாயகனின் கறுப்புக் கோட்டு, நடுநிசி, கதாநாயகியின் கூந்தல், இவையெல்லாம் உண்மையில் நம் அறையின் இருட்டு. அறையில் ஒரு குழல் விளக்கு எரிந்தால் போதும், கூந்தல் நரைத்துவிடும்! ஆக, கடைக்காரர் நமக்கு விற்பது பாதிப் படத்தைத்தான். மறுபாதியாகிய இருட்டை வீட்டிலிருப்பவர்கள் போட வேண்டும். படம் பார்க்கிறவர்கள் மட்டும் போட்டால் போதாது. பார்க்காதவர்களும் போட வேண்டும்.

இதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மகன் தன் சிநேகிதனிடமிருந்து ஒரு புரொஜெக்டரை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தான். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினோம். சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பைக்கூட விட்டுவைக்கவில்லை. சுவரில் 120 அங்குலத்துக்குப் படம் விழுந்தது. எட்டே முக்கால் அடி அகலம்! "அடேயப்பா" என்றாள் என் மனைவி. நான் அந்தக் கணமே கொட்டகை மணலுக்குப் போய்விட்டேன். பாதிப் படத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பிரம்பு நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தேன்.

அம்மா சமையலறையில் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, காலையில் ஆய்ந்து முடித்த முருங்கைக் கீரையை மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இன்னொரு கண்ணில் அழுத்தத்தால் நரம்பு தேய்ந்துபோயிற்று. மங்கலில் நடப்பது சிரமம். நாங்கள் விளக்கை அணைத்த பிறகு சுவரைத் தடவித் தடவி அத்தனை தூரம் போயிருக்கிறாள். மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

"ஏம்மா இங்கே வந்து உட்கார்ந்துட்டே?"

"எனக்கென்னப்பா, நீங்க பாருங்க. இங்கே வெளிச்சமாத்தான் இருக்கு."

விளக்கை அணைக்குமுன் அவளைக் கேட்கத்தான் கேட்டேன். "உனக்குச் சிரமமில்லையே?" என்றேன். "எனக்கென்ன" என்றாள். இதற்குப் பெயர் சம்மதம் என்றால் உலகத்தில் அநியாயம் என்று ஒன்றுமே கிடையாது. கடைசித் தோசை யாருக்கு, ரயிலில் ஜன்னலோரம் யாருக்கு, எந்த ஊரில் குடியிருப்பது, நகையை எப்போது அடகு வைப்பது என்று எத்தனையோ கேள்விகளுக்கு அறுபது வருஷமாக அவள் சொல்லிவந்த ஒரே பதில் அது. விட்டுக்கொடுத்தே பழகியவர்களிடம் அனுமதி கேட்பது, விடையை மடியில் கட்டிக்கொண்டு கேள்வி கேட்பது போலத்தான். நான் கேட்ட விதத்தைத்தான் பாருங்களேன்: "சிரமமில்லையே?" 'இல்லை' என்பதைக் கேள்விக்குள்ளேயே வைத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். வாக்கியங்களை எழுதியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

'எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்' என்பதுதான் நான் வீட்டில் சொல்லிவந்த நியாயம். அந்த நியாயத்துக்கு நல்ல பூர்விகமும் உண்டு. 1894-இல் நியூயார்க்கில் ஜனங்கள் எடிசனின் கினெடாஸ்கோப் பெட்டிகளில் காசு கொடுத்துப் படம் பார்த்தார்கள். துவாரத்தில் கண்ணை வைத்து, ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். 1895 டிசம்பர் 28-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் ஒரு காப்பி ஹோட்டலின் நிலவறையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். ஒருவர் பார்த்தது பலர் பார்ப்பதாயிற்று. நம் பக்கத்தில், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். இப்போது நாமெல்லாம் மறுபடியும் எடிசன் பெட்டிக்கே திரும்பிவிட்டோம். ஆளுக்கு ஒன்று, அவரவர் கையில். எனவே படத்தைச் சுவருக்குக் கொண்டுவருவது ஒரு புண்ணிய காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கூடாரத்துக்குள் போனவர்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் போனார்கள். பிடிக்கவில்லையென்றால் படுதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வீட்டுக் கூடத்துக்கு யாரும் டிக்கட் வாங்குவதில்லை. அங்கே இருப்பவர்கள் படத்துக்கு வந்தவர்கள் அல்லர், அங்கேயே இருப்பவர்கள். அவர்களுக்கு வெளியே போக வேண்டுமென்றால் சமையலறைதான் இருக்கிறது.

மறுநாள் காலையில் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை; ஆனால் அவன் பதில் என்னை உட்கார வைத்துவிட்டது.

"விளக்கு எரியற நாள்ல மட்டும் பாட்டிகூட யாருப்பா பேசறோம்? நீங்க உங்க ஃபோன்ல, அம்மா அவங்க ஃபோன்ல, நான் என் ஃபோன்ல. பாட்டிக்கு வெளிச்சம் இருக்கு, ஆள் இல்லை. நேத்திக்குத்தான் நாம மூணு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரிச்சோம்."

லேசில் ஒதுக்கக்கூடிய வாதமல்ல இது. வெளிச்சத்தில் ஒருத்தியைத் தனியாக விடுவது, இருட்டில் தனியாக விடுவதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? முன்னதில் யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒரு சௌகரியந்தான்.

அப்படியானால் பேசாமல் பெரிய டெலிவிஷனாக வாங்கிவிடுவதுதானே என்று கேட்கலாம். என் மனைவியின் கட்சி அதுதான். டெலிவிஷனின் கறுப்பு அதன் சொந்தச் சரக்கு. அது நம் வீட்டு இருட்டைக் கடன் கேட்காது. மறுப்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். சுவர்களுக்குக் கரும்சாம்பல் வர்ணம் அடித்தால் வெளிச்சம் எதிரொளிக்காது என்று மகன் இடையில் ஒரு யோசனை சொன்னான். "வீடா, சுரங்கமா?" என்று அவள் கேட்ட கேள்வியோடு அது முடிந்தது.

அன்று பகலெல்லாம் நானும் அவனும் டேப்பை வைத்துக்கொண்டு மல்லாடினோம். கணக்கு எங்களுக்கு ஒரு வழி காட்டியது. 120 அங்குலப் படத்தின் பரப்பு ஏறக்குறைய 43 சதுர அடி. 85 அங்குலத்துக்குக் குறைத்தால் இருபத்தொன்றரை. சரிபாதி! அதே வெளிச்சம் பாதி இடத்தில் விழுவதால் படம் இரண்டு பங்கு பிரகாசமாகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தை அடக்கிக்கொள்ளும் சாம்பல் திரை ஒன்று போட்டால் இன்னும் தேவலை. இதுவரை, முழு இருட்டில் எந்தப் புரொஜெக்டர் நன்றாகத் தெரியும் என்று தேடிக்கொண்டிருந்தோம். இனி, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும்; அதை வைத்துக்கொண்டு எது தெரிகிறதோ அதை வாங்குவது. சில்லறை எண்கள் போகட்டும், 1500 ஆன்ஸி லூமனுக்குக் கீழே பார்க்க வேண்டியதில்லை என்று மகன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். பட்ஜெட் கொஞ்சம் ஏறியது. படம் சுருங்கச் சுருங்க விலை ஏறுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இரவு இரவல் யந்திரத்தை வைத்தே சோதித்துப் பார்த்தோம். பத்தரை அடியில் இருந்ததை ஏழரை அடிக்கு நகர்த்தினோம். நாற்காலிக்குப் பின்னால், தரையைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் விளக்கு. படம் தெரிந்தது. கோட்டு கறுப்பாக இல்லை. வெயிலில் உலர்த்திப் பழசான வக்கீல் கவுன் மாதிரி இருந்தது. என் கொட்டகை என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதை நான் உணராமலில்லை. இந்தத் தடவை அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எங்கே உட்காருகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீரைத் தட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள்.

"நேத்து பெரிசா இருந்துதே. எனக்காகவா சின்னதாக்கினே?"

"இல்லேம்மா, சுவர் போதலை" என்றேன்.

நம்பினாளோ, இல்லையோ. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடச் சொன்னாள்.