நிர்ப்பந்தம் எங்கே தொடங்குகிறது?

2024ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், 62 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. உயிருடனிருக்கும் மனிதருக்கு, மரபணு மாற்றப்பெற்ற பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது அதுவே முதன்முறை. அப்பன்றியின் மரபணுக்களில் 69 மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. மனித உடல் பகையெனக் கண்டு தாக்கும் சர்க்கரைப் பொருள்களை உண்டாக்கும் 3 மரபணுக்கள் நீக்கப்பட்டன. மனித மரபணுக்கள் 7 சேர்க்கப்பட்டன. பன்றியின் உயிரணுவில் உறங்கிக் கிடக்கும் 59 வைரஸ் கூறுகள் முடக்கப்பட்டன. அந்நோயாளி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் காலமானார். பொருத்திய உறுப்பே அதற்குக் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என மருத்துவமனை அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே இடத்தில் மற்றொருவருக்குப் பொருத்திய சிறுநீரகம் 271 நாட்கள் இயங்கியது.

இயலுமா என்பது மருத்துவரின் வினா. ஆகுமா என்பது முஸ்லிமின் வினா.

திருமறையில் பன்றியிறைச்சி விலக்கப்பட்ட இடங்கள் நான்கு: அல்பகரா, அல்மாயிதா, அல்அன்ஆம், அந்நஹ்ல் ஆகிய அத்தியாயங்களில் அவை உள்ளன. அந்நான்கு இடங்களிலும், விருப்பத்தாலன்றி நிர்ப்பந்தத்தால் உண்டவனுக்கு மன்னிப்பும் உடன் கூறப்பட்டிருக்கிறது. தடையைச் சொன்ன இடத்திலேயே சலுகையையும் சொன்னவன் ரஹ்மான்.

உண்பது ஒரு பொழுதோடு முடிவது; உறுப்போ வாழ்நாள் முழுதும் உடலில் தங்குவது. கடும் நஜீஸான பன்றியின் உறுப்பைச் சுமந்துகொண்டு தொழுகையில் நிற்பதெங்ஙனம் என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்விதான். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தம் மின்ஹாஜ் என்னும் ஷாஃபிஈ சட்டநூலில் இதற்கு நெருங்கிய ஒரு மஸ்அலாவைப் பேசுகிறார்கள். தூய எலும்பு கிடைக்காத நிலையில், முறிந்த எலும்பை நஜீஸான எலும்பால் இணைத்துக் கொண்டவர் மன்னிக்கப்பட்டவரே. தூயது கிடைத்தும் அவ்வாறு செய்தவரோ, வெளிப்படையான தீங்கு நேரும் என்ற அச்சம் இல்லாதவரை, அதனை அகற்றியாக வேண்டும். எலும்பும் சிறுநீரகமும் ஒன்றல்ல. ஆயினும் சட்டத்தின் அச்சாணி தெளிவாகத் தெரிகிறது. அது, தூயது கிடைக்காமை.

சிறுநீரகம் பழுதுற்றவர் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தால் சில காலம் உயிர் வாழ இயலும். ஆதலால் ஒருவரது நிலை நிர்ப்பந்தமா, வெறும் தேவையா என்பதை நம்பிக்கைக்குரிய மருத்துவரின் சொல்லைக் கொண்டே ஆலிம்கள் முடிவு செய்தல் வேண்டும்.

இனி, தூயது ஏன் கிடைக்கவில்லை? அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் மனிதச் சிறுநீரகத்திற்குக் காத்திருக்கின்றனர். கொடுப்பவர் குறைவு. 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, இறந்தவரின் முன்னனுமதியோ வாரிசுகளின் இசைவோ இருப்பின், உயிர்காக்க உறுப்பு வழங்கலாம் என நிபந்தனைகளுடன் தீர்மானித்தது. மனித உடலின் கண்ணியத்தை முன்னிறுத்தி அதனை மறுக்கும் ஆலிம்களும் நம் துணைக்கண்டத்தில் உள்ளனர். ஆய்ந்து மறுப்போரின் கருத்து மதிப்பிற்குரியது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆய்ந்து மறுப்பவரல்லர்; எண்ணிப் பாராதவர். மரணத்தைப் பற்றிய பேச்சே வீட்டில் எழக்கூடாது என்று வாய்மூடியிருப்பவர்.

எல்லாரும் வழங்க முன்வந்தாலும் குறை முற்றும் தீராது என்பது உண்மை. மருத்துவமனையில், உறுப்புகள் சிதையாத நிலையில் நிகழும் மரணங்கள் சிலவே. எனவே பன்றியின் சிறுநீரகம் ஒன்றே வழியென நிற்கும் நோயாளி என்றும் இருப்பார். அவர் மீது குற்றமில்லை. அவரை அருவருப்போடு நோக்குவது நமக்கு அழகுமன்று. ஆனால் உயிர்காத்தல் சமுதாயத்தின் மீது பர்ளு கிஃபாயா. ஒருவரும் செய்யாவிடின் அனைவரும் கேட்கப்படுவர். நோயாளியின் நிர்ப்பந்தம் அவருக்கு மன்னிப்பைத் தருகிறது. அந்நிர்ப்பந்தம் நம் அலட்சியத்தால் விளைந்த அளவிற்கு, அதே மன்னிப்பு நமக்கும் உண்டென்று எந்தச் சட்டநூலைக் காட்டுவோம்?

ஆகவே, பன்றியின் சிறுநீரகம் ஆகுமா என்று கேட்குமுன், என் சிறுநீரகத்தைப் பற்றி என் மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொருவரும் தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டறியட்டும். விடை எதுவாயினும், அதனைத் தம் குடும்பத்தாரிடம் உயிரோடிருக்கும்போதே சொல்லி வைக்கட்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.