மலையில் புகையும் மண்ணில் செம்பும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, தென்திருப்பதி என்று பக்தர்கள் போற்றும் திருவண்ணாமலைக் குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அக்குன்றேறும் ஜனத்திரளில், போர் போடுவதற்கு முன் வேண்டிக்கொள்ள வரும் விவசாயியும் இருப்பார். இராஜபாளையத்து நூல் வியாபாரத்தில் மிச்சம் பிடித்த தொகையைச் சுரங்கக் கம்பெனிப் பங்குகளில் போட்டுவிட்டு வரும் சிறு முதலீட்டாளரும் இருப்பார். பூமிக்குள் மறைந்து கிடக்கும் பொருளைப் பற்றி மனிதன் எவ்வளவு தூரம் நிச்சயம் கொள்ளலாம் என்ற ஒரே கேள்விதான் இருவர் நெஞ்சிலும் இருக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரிகளிடம் மட்டுமே கேட்கவேண்டியதாகத் தோன்றும் இக்கேள்வியை நம் முன்னோர் பிரமாண விசாரம் என்று பெயரிட்டு, ஈசுவர விசாரத்துக்கும் முன்னால் வைத்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தைப் பிரமாணமாகிய அளவையிலிருந்து தொடங்கியதும், வைணவ ஆசாரியர்கள் பிரத்யக்ஷம், அனுமானம், சப்தம் என்னும் மூன்று பிரமாணங்களை வரையறுத்துக்கொண்டதும், அறியும் வழி கோணினால் அறியப்படும் பொருளும் கோணும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்ததனாலேயே.

இப்பக்கத்துக் கடினப்பாறை நிலங்களில் போர் போடுமுன் இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, மின்சாரத்தை உட்செலுத்தி, மண்ணின் மின்தடையை அளந்து ‘பாயிண்ட்’ பார்த்துக் கொடுப்பதை அறியாதவர் இல்லை. செம்பு தேடுவோர் செய்வதும் அதற்கு நெருங்கிய உறவுடைய காரியமே. செலுத்திய மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தியபின் மின்னழுத்தம் உடனே மறைகிறதா, அல்லது கணநேரம் தேங்கி மெல்ல மெல்லத் தணிகிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். பாறைக்குள் உலோகக் கந்தகத் துணுக்குகள் பரவிக் கிடந்தால் அவை மின்னேற்றத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்து விடுவதால் தணிவு தாமதப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான கான்ராட் ஷ்லும்பர்ஷே கவனித்த இவ்விளைவு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் செம்புத் தேடலின் முக்கியக் கருவியாயிற்று. ஒரு வோல்ட்டுக்கு இத்தனை மில்லிவோல்ட் என்று கிடைக்கும் அளவுகளைக் கணிப்பொறி படமாக்க, மிகுதியான இடம் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் தோன்றுகிறது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பங்குச்சந்தையில் பதிவான சிறு கம்பெனிகள், ஒரு துளைகூட இடுவதற்கு முன்பே இத்தகைய படங்களை வெளியிடுவது வழக்கம். பங்கு வாங்கியவர்கள் அச்சிவப்பை உற்று நோக்கித் தங்கள் பாக்கியத்தை அதில் வாசிக்கிறார்கள்.

தர்க்க நூலார் அனுமானத்துக்கு எப்போதும் ஒரு மலையையே உதாரணம் காட்டுவர்: மலையில் புகை தெரிகிறது, ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. ஆனால் இதைத் திருப்பி, நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு என்று சொல்ல அவர்கள் இடங்கொடுப்பதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு என்ற உபாதி, அதாவது கூடுதல் நிபந்தனை, வேண்டும். செம்புக் கந்தகம் பரவிய பாறை மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மையே. மின்னேற்றத்தைப் பிடித்துவைப்பதெல்லாம் செம்பு என்பது அந்த உண்மையைத் தலைகீழாக்கியது. செம்பின் வாசனையே இல்லாத இரும்புக் கந்தகம் அதைச் செய்யும், கிராஃபைட் செய்யும், சிலவகைக் களிமண்ணும் ஓரளவு செய்யும். தீப்பாறை சார்ந்த பெருஞ் செம்புப் படிவுகள் பலவற்றில் செம்பு மிகுந்த நடுப்பகுதியைச் சுற்றி இரும்புக் கந்தகம் ஒரு வளையம்போல் படிந்திருப்பதால், படத்தின் மிகச் சிவந்த இடம் செம்புக்கு வெளியே விழுந்துவிடுவதும் உண்டு. சாத்தனார் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் ஏதுப்போலிகளை, அதாவது போலிக் காரணங்களை, வகுக்கும்போது அநைகாந்திகம் என்ற ஒன்றைச் சொல்லுகிறார். சாதிக்கவேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே நிற்கும் ஏது அது. அச்சிவப்பு நிறம் அத்தகையதொரு ஏது. தவிர, மேற்பரப்பில் எடுத்த ஒரே அளவுத் தொகுதிக்குப் பொருந்தும் நிலத்தடி அமைப்புகள் பல. எந்த எண்ணிலிருந்து சிவப்பைத் தொடங்குவது என்பதும் படம் வரைபவர் விருப்பத்தைப் பொறுத்தது.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பின்னும் மனிதன் தவறுகிறான் என்றால், குறை கல்வியில் இல்லை, ஆசையில் இருக்கிறது. நியாய பாஷ்யகாரரான வாத்ஸ்யாயனர், ஒரு பொருளை நேரே அறிந்து, அறிந்தவண்ணமே பிறர்க்கு உரைக்க விரும்புபவனே ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், என்றும், ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இவ்விலக்கணம் ஒன்றே என்றும் கூறினார். பங்கு வாங்கியவன் தனக்குத் தானே ஆப்தனாக இருப்பது எவ்வளவு கடினம்! அன்று வயநாடு என்று வழங்கிய, இன்று நீலகிரி மாவட்டத்தில் அடங்கிய தேவாலா, பந்தலூர்ப் பகுதியின் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட சுரங்க நிபுணர் பிரௌ ஸ்மித் அங்குள்ள பொன் தாங்கும் வெண்கற்களைப் பற்றி அறிக்கை எழுதிய 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வயநாட்டுப் பொன்னை எடுப்பதற்கென்று லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின, இயந்திரங்கள் மலையேறின, சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை மறைந்தன. பாறையில் பொன் உண்டு என்பது பொய்யன்று. செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு உண்டு என்பதைத்தான் பணம் போட்டவர்களின் விருப்பம் தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார், வல்லபதேவ பாண்டியனின் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டியபோது, பரிசாக உயரக் கட்டியிருந்த பொற்கிழி தானே தாழ்ந்துகொடுத்தது என்பது குருபரம்பரை வரலாறு. அங்கே பொன் மெய்ப்பொருளின் பக்கம் சாய்ந்தது. நாமோ மெய்யைப் பொன்னின் பக்கம் சாய்க்கப் பார்க்கிறோம். பலவேளை அதற்கு நம்பிக்கை என்ற புனிதமான பெயரையும் இட்டுவிடுகிறோம். கருவிகளுக்கு எட்டாத பரம்பொருளிடத்தே வைக்கத்தக்க சிரத்தையை, துளையிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு பொருளின்மேல் வைப்பது பக்தியாகாது என்பதே என் துணிபு. அது பிரத்யக்ஷத்துக்கு வழியிருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதாகும். நியாய சாஸ்திரத்தின் பதினாறு பதார்த்தங்களில் சம்சயத்துக்கும் ஓர் ஆசனம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் இல்லாத இடத்தில் விசாரணைக்கும் இடமில்லை.

ஆகவே சிறு சேமிப்பை இத்தகைய தேடலில் இட நினைக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: மலையேறிப் பெருமாளைச் சேவியுங்கள், மன அமைதியை அவனிடம் கேளுங்கள். நிலப்படத்தைக் கையிலெடுக்கும்போது, இந்தச் சிவப்பைச் செம்பு தவிர வேறு எதெது உண்டாக்கியிருக்கக்கூடும் என்று முதலில் கேளுங்கள். துளையிட்டு எடுத்த பாறைத்தண்டில் எத்தனை மீட்டர் நீளத்துக்கு, நூற்றுக்கு எத்தனை பங்கு செம்பு இருந்தது என்ற பரிசோதனை முடிவு வெளிவரும்வரை, மகளின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை அதில் போடாதீர்கள்.